முன்சக்கரம் இழுக்காத ஜீப்

போன மாசியில் ஒரு ஞாயிற்றுக்கிழமை காலை சென்னையிலிருந்து நண்பன் போன் பண்ணினான். "மச்சான், செகண்ட் ஹேண்ட்ல ஒரு ஃபோர் வீல் டிரைவ் எடுக்கப் போறேன். கல்வராயன் மலையும் ஏறணும், மரக்காணம் பக்கம் கடற்கரை மணல்லயும் ஓட்டணும். கச்சிராயபாளையம் தாண்டி ஒரு எம்எம் 540 விலைக்கு இருக்காம். நீ கள்ளக்குறிச்சிக்காரன்தானே, கூட வாடா."

கள்ளக்குறிச்சிக்காரனுக்கு ஜீப் தெரிந்திருக்கும் என்று அவன் நினைத்ததில் தப்பில்லை. மலைக்குப் போகும் ஜீப்புகள் நிற்கிற முனையைத் தாண்டித்தான் நான் பள்ளிக்கூடம் போனேன். உள்ளே பதினைந்து பேர், பின்னால் தொங்கிக்கொண்டு நான்கு பேர், மேலே அரிசி மூட்டை, அதற்கும் மேலே இரண்டு கோழிகள். ஆனால் ஜீப்பைப் பார்த்து வளர்ந்தவனுக்கெல்லாம் ஜீப் தெரிந்துவிடாது. அதனால் எங்கள் தெரு மெக்கானிக் பாயையும் கூட்டிக்கொண்டேன்.

கச்சிராயபாளையம் சர்க்கரை ஆலைக்குக் கரும்பு ஏற்றிப் போகும் டிராக்டர்களுக்குப் பின்னால் ஊர்ந்து ஊர்ந்து, கோமுகி அணைக்குக் கொஞ்சம் முன்னால் ஒரு கொல்லைக்குள் நுழைந்தோம். புளியமரத்தடியில் தார்ப்பாய் போட்டு மூடியிருந்தது வண்டி. உரிமையாளருக்கு அறுபது தாண்டியிருக்கும். மேலே வெள்ளிமலைப் பக்கத்து மனிதர், இருபது வருஷத்துக்கு மேல் மலையில் ஜீப் ஓட்டியவர், இப்போது கீழே மகள் வீட்டோடு இருக்கிறார். தார்ப்பாயை விலக்கினார். நண்பன் முகத்தைப் பார்க்க வேண்டுமே! கியர் கம்பிக்குப் பக்கத்தில் இன்னும் இரண்டு குட்டிக் கம்பிகள். "ஒன்னு முன்சக்கரம் சேர்க்க, இன்னொன்னு லோ கியர். ஒரிஜினல் ஃபோர் வீல்டா" என்று என் காதில் சொன்னான். பாய் ஒன்றும் சொல்லவில்லை. ஒரு சாக்கை விரித்து வண்டிக்கு அடியில் படுத்தார்.

அவர் வெளியே வருவதற்குள் கொஞ்சம் வரலாறு பேசிவிடலாம்.

ஜீப் பிறந்த கதை பலருக்குத் தெரிந்ததுதான். 1940 ஜூலையில் அமெரிக்க ராணுவம் 135 கம்பெனிகளுக்கு எழுதியது: நான்கு சக்கரமும் இழுக்கிற சின்ன வண்டி வேண்டும், 49 நாளில் மாதிரி வேண்டும். பாண்டம் என்ற நொடித்துப்போகும் நிலையில் இருந்த கம்பெனி செய்து கொடுத்தது. ஆனால் பெரிய ஆர்டர் வில்லிஸுக்கும் ஃபோர்டுக்கும் போனது. போர் முடிவதற்குள் ஏறத்தாழ 6 லட்சத்து 40 ஆயிரம் ஜீப்புகள். முதல் மாதிரி செய்தவனுக்குக் கிடைத்தது டிரெய்லர் கட்டுகிற வேலை. நம் ஊர் வரலாற்றில் மட்டும்தான் இப்படி நடக்கும் என்று நினைத்துக்கொண்டிருந்தேன்.

இந்தியாவுக்கு ஜீப் முதலில் வந்தது போர் வண்டியாக. பர்மா, அசாம் முனைகளில் ஓடித் தேய்ந்தவை போருக்குப் பிறகு மிச்சச் சரக்காக ஏலத்துக்குப் போயின. 'டிஸ்போசல் வண்டி' என்ற சொல் அப்படித்தான் நம் வாயில் ஏறியது, இன்னும் இறங்கவில்லை. ஆக, இந்தியாவில் ஜீப் என்பது பிறவியிலேயே செகண்ட் ஹேண்ட். புது வண்டியாக அது பிறகுதான் வந்தது. 1945-ல் மகிந்திரா சகோதரர்களும் குலாம் முகமதுவும் சேர்ந்து தொடங்கிய 'மகிந்திரா அண்ட் முகமது' 1947 முதல் வில்லிஸ் ஜீப்புகளைப் பாகங்களாக வரவழைத்துப் பூட்டியது. பிரிவினையில் குலாம் முகமது பாகிஸ்தான் போய் அந்நாட்டின் முதல் நிதியமைச்சர் ஆனார், பிற்பாடு கவர்னர் ஜெனரலும் ஆனார். கம்பெனி 1948-ல் 'மகிந்திரா அண்ட் மகிந்திரா' ஆனது.

பழைய ஜீப் வாங்கி ஏமாந்தவர்கள் பட்டியல் போட்டால் முதல் பெயர் இந்திய அரசுடையதாகத்தான் இருக்கும். விளையாட்டுக்குச் சொல்லவில்லை. 1948, காஷ்மீரில் சண்டை, ராணுவத்துக்கு வண்டி போதவில்லை. லண்டனில் இந்தியத் தூதராக இருந்த வி.கே. கிருஷ்ண மேனன், வழக்கமான கொள்முதல் முறைகளைத் தாண்டி, யாருக்கும் அதிகம் தெரியாத ஒரு வெளிநாட்டு நிறுவனத்தோடு ஒப்பந்தம் போட்டார். 2000 ஜீப்புகள், எல்லாம் பழையதைப் புதுப்பித்தவை. பணத்தின் பெரும்பகுதிக்குச் சோதனைச் சான்று தேவையில்லை என்று ஒப்பந்தம். வந்து சேர்ந்தவை 155. அவையும் ராணுவம் ஓட்டத் தகுதியில்லை என்று ஒதுக்கிய நிலையில். அனந்தசயனம் அய்யங்கார் தலைமையில் குழு போட்டு விசாரித்தார்கள். 1955 செப்டம்பரில், இந்த விவகாரம் முடிந்துவிட்டது என்று உள்துறை அமைச்சர் கோவிந்த் வல்லப் பந்த் அறிவித்தார். 1956 பிப்ரவரியில் மேனன் நேருவின் அமைச்சரவையில் சேர்ந்தார். சுதந்திர இந்தியாவின் முதல் பெரிய ஊழல் புகார் என்று பள்ளி வினாடி வினாவில் கேட்பார்களே, 'ஜீப் ஊழல்', அது இதுதான். மேனன் நேர்மையானவரா இல்லையா என்ற விவாதத்தில் எனக்கு ஆர்வமில்லை. அடியில் படுத்துப் பார்க்க அவரிடம் ஒரு பாய் இல்லை, அவ்வளவுதான் எனக்குப் படுகிறது.

சரி, மலைக்கு வருவோம்.

காகிதத்தில் கல்வராயன் மலை, ஊர் நாக்கில் கல்ராயன் மலை. ஜவ்வாது, சேர்வராயன், கொல்லிமலை, பச்சைமலை வரிசையில் கிழக்குத் தொடர்ச்சி மலையின் ஒரு துண்டு. மேலே மலையாளி என்று அழைக்கப்படும் பழங்குடி மக்கள். கேரளத்துக்கும் அவர்களுக்கும் சம்பந்தமில்லை, மலையை ஆள்பவர் என்ற பொருளில் வந்த பெயர். காஞ்சிபுரத்திலிருந்து ஏறி வந்தவர்கள் என்பது அவர்கள் சொல்லிவரும் கதை. சாமை, தினை, மரவள்ளி, கடுக்காய். சடையக் கவுண்டர், குறும்பக் கவுண்டர், ஆரியக் கவுண்டர் என்று மூன்று ஜாகீர்கள் மலையைப் பிரித்து ஆண்டார்கள். சமவெளியில் ஜமீன் ஒழிப்புச் சட்டம் 1948-லேயே வந்துவிட்டது. கல்வராயன் மலையை அரசு தன் கைக்கு எடுத்துக்கொண்டது 1976 ஜூனில். நடுவில் இருபத்தெட்டு வருஷம். இந்த இரண்டு தேதிகளையும் ஒரே பாடப்புத்தகத்தில் பக்கத்தில் பக்கத்தில் நான் பார்த்ததில்லை.

மலைக்கு அரசாங்கம் ஏறியது ஜீப்பில்தான். வனத்துறை, வருவாய்த்துறை, போலீஸ், ஓட்டுப்பெட்டி, அம்மை ஊசி எல்லாமே ஜீப். சந்தனக் கட்டைக்கும் சாராய ஊறலுக்கும் சோதனை போட வந்ததும் ஜீப். புளியமரத்தடிப் பெரியவர் சொன்னார்: "சின்ன வயசுல ஜீப் சத்தம் கேட்டா ஆம்பளைங்க காட்டுப்பக்கம் போயிடுவாங்க. பொம்பளைங்க அடுப்பை அணைப்பாங்க. எதுக்குன்னு கேக்காத, அப்பிடித்தான்." அப்படிப் பயந்த பையன் வளர்ந்து ஜீப் டிரைவர் ஆனது எனக்கு வேடிக்கையாக இருந்தது. அவருக்கு இல்லை. "வேற எது ஏறும் மேல? பஸ்ஸா?"

தனியார் ஜீப்புகள் வந்த பிறகு மலைக்கு ஜீப்தான் பஸ், ஜீப்தான் ஆம்புலன்ஸ், ஜீப்தான் சந்தை லாரி. ஜீப் வரமுடியாத குக்கிராமத்தில் பிரசவ வலி வந்தால் கம்பில் போர்வையைத் தூளிபோலக் கட்டி, ஜீப் நிற்கும் இடம்வரை தூக்கிக்கொண்டு வரவேண்டும். 'பாதை இல்லாத இடத்துக்குப் போவது' என்று வார இறுதியில் நாம் சொல்வதை அவர்கள் 'பாதை இல்லை' என்று மட்டும் சொல்வார்கள். 2024 ஜூனில் கருணாபுரம் கள்ளச்சாராயச் சாவுகளுக்குப் பிறகு சென்னை உயர் நீதிமன்றம் தானாக முன்வந்து இந்த மலையின் நிலைமையை வழக்காக எடுத்தபோதும் பேச்சு சுற்றிச் சுற்றி ரோட்டில்தான் வந்து நின்றது.

இங்கே ஒரு விஷயம். மலையில் ஓடிய ஜீப் எல்லாமே நான்கு சக்கரமும் இழுப்பவை என்று நாம் நினைத்துக்கொள்கிறோம். இல்லை. மகிந்திராவே பல மாடல்களைப் பின்சக்கரம் மட்டும் இழுப்பதாகவும் விற்றது. கமாண்டர், மார்ஷல் என்று மலையேறியவற்றில் பெரும்பாலானவை அந்த ரகம். விலை குறைவு, எடை குறைவு, டீசல் மிச்சம். பின்னால் பதினைந்து பேர் உட்கார்ந்தால் அந்தப் பாரமே பின்சக்கரத்தை மண்ணில் அழுத்திப் பிடிக்கும். மிச்சத்தை டிரைவர் பார்த்துக்கொள்வார். மழைக்காலத்தில் சங்கிலி கட்டுவார்கள், கல் வைப்பார்கள், எல்லோரும் இறங்கித் தள்ளுவார்கள். ஆக, 'கல்வராயன் மலையில ஓடின ஜீப்' என்று ஒரு விற்பனையாளர் சொன்னால் அது ஃபோர் வீல் என்பதற்கு அத்தாட்சி அல்ல.

இந்தக் குழப்பம் பழைய வண்டியோடு முடியவில்லை. 2010-ல் வந்த முதல் தாரிலும் ஒரு ரகம் பின்சக்கர இழுவையில் கிடைத்தது. 2020-ல் வந்த புதுத் தார் முதலில் முழுக்க ஃபோர் வீல். 2023 ஜனவரியில் பின்சக்கர ரகம் வந்தது. வெளியிலிருந்து பார்த்தால் அண்ணன் தம்பி மாதிரி இருக்கும். உள்ளே அந்தச் சின்னக் கம்பி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். கம்பி இருந்தால் மட்டும் போதாது, அதைத்தான் பாய் கண்டுபிடித்துக்கொண்டிருந்தார்.

நண்பனின் பட்டியலில் வேறு வண்டிகளும் இருந்தன. ஜோங்கா மேல் அவனுக்கு ஒரு காதல். நிசான் பேட்ரோலை ஜபல்பூரில் ராணுவத்துக்காகக் கட்டியது, 1969 முதல் 1999 வரை. நாலு லிட்டர் ஆறு சிலிண்டர் பெட்ரோல் இன்ஜின். பெட்ரோலைக் குடிக்காது, அதில் குளிக்கும். மணலில் இறங்கினால் தன் எடையாலேயே புதையும். அழகு, ஒப்புக்கொள்கிறேன். வாசலில் நிறுத்திப் பார்த்துக்கொண்டிருக்கலாம்.

எம்எம் 540 வேறு ஜாதி. பெஜோ டீசல் இன்ஜின், 2112 சிசி. வேகம் எதிர்பார்க்கக் கூடாது. லோ கியரில் போட்டுவிட்டால் சக்கரத்துக்குப் போகும் சக்தி சுமார் இரண்டரை மடங்கு கூடி, கல்லும் பள்ளமுமான ஏற்றத்தில் நடந்துபோகிற வேகத்தில் ஏறும். கள்ளக்குறிச்சியில் எந்தப் பட்டறையும் இதைத் திறந்து மூடும். மலைக்கு இதுதான். மணலுக்கு அல்ல.

மணலின் கணக்கே தனி. மலையில் சக்கரம் பிடிக்க வேண்டும். மணலில் சக்கரம் மிதக்க வேண்டும். டயர் காற்றை 30-லிருந்து 15, 18-க்கு இறக்கினால் டயர் சப்பையாகி அகலமாக உட்காரும், பாரம் பரவும். மணலை விட்டு வெளியே வந்ததும் மறுபடி காற்று அடிக்கவேண்டும், இல்லாவிட்டால் தார் ரோட்டில் டயர் சூடாகிக் கிழியும். அதனால் காற்றடிக்கும் சின்ன கம்ப்ரஸர் வண்டியிலேயே இருக்க வேண்டும். எடை குறைந்த வண்டிதான் மணலில் ராஜா, அதாவது மாருதி ஜிப்ஸி. 1985 டிசம்பரில் ஒரு லிட்டர் இன்ஜினோடு வந்தது, 1996-ல் ஜிப்ஸி கிங்காக 1.3 லிட்டர். மொத்தமே சுமார் ஒரு டன். ஜோங்காக்கள் பார்த்துவந்த வேலையை ராணுவத்தில் அதுவும் வாங்கிக்கொண்டது; கழித்துவிட்ட ராணுவ ஜிப்ஸிகள்தான் இன்றைக்குச் சந்தையில் புழங்குகிற 'டிஸ்போசல்'. போலீஸ், வனத்துறை ஏல ஜீப் என்ற இன்னொரு ஊற்று வற்றிக்கொண்டிருக்கிறது. 15 வருஷம் தாண்டிய அரசு வண்டிகளின் பதிவை ரத்துசெய்து உடைப்புக்கு அனுப்ப வேண்டும் என்ற மத்திய அரசின் விதி 2023 ஏப்ரலில் நடைமுறைக்கு வந்தது. எங்கள் மலைக்காரர்களைப் பயமுறுத்திய ஜீப்புகள் இனி யார் வீட்டு வாசலிலும் அலங்காரமாக நிற்காது. நல்லதுதான் என்று ஒரு மனம், அடடா என்று இன்னொரு மனம்.

தமிழ்நாட்டில் மணலில் ஃபோர் வீல் ஓட்டுவதைப் பிழைப்பாகவே செய்தவர்கள் தனுஷ்கோடிக்காரர்கள். 1964 டிசம்பர் 22 இரவுப் புயல் ஊரையும் ரயிலையும் சேர்த்து அடித்துக்கொண்டு போன பிறகு முகுந்தராயர் சத்திரத்துக்கு அப்பால் வெறும் மணல். மனிதர் வாழத் தகுதியற்ற இடம் என்று அரசு அறிவித்தது. மீனவர்கள் அங்கேயே இருந்தார்கள். மீனும் தண்ணீர்க் குடமும் பிறகு சுற்றுலாக்காரர்களும் போய்வந்தது ஃபோர் வீல் வேன்களிலும் ஜீப்புகளிலும். நான் கல்லூரியில் படிக்கும்போது அதில் போயிருக்கிறேன். ஆழமில்லாத உப்புநீரில் வேன் இறங்கும், முன்னால் போனவன் தடத்தை விடாமல் பிடித்துக்கொள்ளும், தலை கூரையில் இடிக்கும். வண்டியின் கீழ்த்தகடு பப்படம் மாதிரி உதிர்ந்திருந்தது. உட்கார்ந்த இடத்திலிருந்தே மணல் தெரிந்தது. 2017 ஜூலையில் அரிச்சல்முனை வரை தார் ரோடு திறந்தார்கள். காரும் பஸ்ஸும் நேரே போக ஆரம்பித்தன, மணல் வேன்களின் காலம் முடிந்தது. அந்தப் பக்கத்து ஃபோர் வீல் ஏதாவது மலிவாகக் கிடைக்கிறது என்று யாராவது சொன்னால் அடித்தகட்டை ஸ்க்ரூ டிரைவரால் குத்திப் பாருங்கள். உப்பு வெளியே தெரியாமல் சேஸிஸை உள்ளிருந்து தின்னும். மணலுக்கு வண்டி வேண்டும் என்றால் மணலில் ஓடாத வண்டியாகப் பார்த்து வாங்க வேண்டும் என்பது கொஞ்சம் கிறுக்குத்தனமாகத்தான் இருக்கிறது.

கடற்கரையைப் பற்றி நண்பனிடம் இன்னொன்றும் சொன்னேன். எங்கள் மாவட்டத்துக்கு ஒரு காலத்தில் கடல் இருந்தது. தென்னார்க்காடாக இருந்தபோது இருந்தது, 1993-ல் விழுப்புரம் மாவட்டம் ஆனபோதும் மரக்காணம் எங்களோடுதான். 2019 நவம்பரில் கள்ளக்குறிச்சி தனி மாவட்டமானதும் மலை எங்களுக்கு, கடல் அவர்களுக்கு. ஆனால் எந்த மாவட்டத்தில் இருந்தாலும் அந்த மணல் விளையாட்டு மைதானம் இல்லை. ஜனவரி முதல் மார்ச் வரை பங்குனி ஆமைகள் ராத்திரியில் கரையேறி முட்டையிடும். ஒரு குழியில் நூறு முட்டை அளவுக்கு. ஐம்பது நாள் போலக் கிடந்து பொரிக்கும். மேலே ஒரு ஜிப்ஸி போனால் போதும். மணல்மேட்டைக் கலைப்பதும் கடற்கரை மண்டல விதிப்படி குற்றம். கேரளத்தில் கண்ணூர் பக்கம் முழப்பிலங்காட்டில் சுமார் நான்கு கிலோமீட்டர் கெட்டியான கடற்கரையை வண்டிக்கென்றே விட்டிருக்கிறார்கள், அங்கே போய் ஓட்டு என்றேன். மலையிலும் அப்படித்தான். காப்புக்காட்டுக்குள் அனுமதியில்லாமல் நுழைந்தால் ஃபோர் வீல் ஆனாலும் டூ வீல் ஆனாலும் கேஸ்தான். "அப்ப எங்கதான்டா ஓட்டுறது?" என்றான். நியாயமான கேள்வி.

பாய் வெளியே வந்தார். தலை முழுக்கப் புளிய இலை.

"வண்டி நல்லாருக்கு. சேஸிஸ் நம்பர் ஆர்.சி.யோட ஒத்துப்போவுது, வெட்டி ஒட்டுன வெல்டிங் இல்ல. டிஃபரன்ஷியல் ஆயில் சுத்தமா இருக்கு, பால் டீ கலர்ல இருந்தா தண்ணி பூந்திருக்கும். ஸ்டியரிங் ஆடுது, அது ஆடத்தான் செய்யும்." கொஞ்சம் நிறுத்தினார். "ஆனா முன்னால போற ஷாஃப்ட் இல்ல."

நண்பனுக்குப் புரியவில்லை. கம்பியை இழுத்தால் முன்சக்கரம் சேர வேண்டும். சக்தியை முன்னச்சுக்குக் கொண்டுபோகிற புரொப்பெல்லர் ஷாஃப்டே இல்லாவிட்டால் கம்பி வெறும் கம்பி. பாய் முன்பக்கம் ஒரு சக்கரத்தை மட்டும் ஜாக்கி வைத்துத் தூக்கிச் சுற்றிக் காட்டினார். ஷாஃப்ட் மாட்டுகிற வட்டு கூடவே சுற்றியது. "உள்ள பல்லெல்லாம் இருக்கு. நடுவுல ஆள்தான் இல்ல."

இந்த இடத்தில் பலர் ஏமாறுகிறார்கள். வாங்கிய பிறகு எங்கிருந்தோ அச்சையும் கியர் பெட்டியையும் கொண்டுவந்து பொருத்தி, ஆர்.சி.யில் இல்லாத வண்டியைக் கட்டுகிறார்கள். தயாரிப்பாளர் கொடுத்த அமைப்பை மாற்றக் கூடாது என்று 2019 ஜனவரியில் உச்ச நீதிமன்றமே சொல்லிவிட்டது. 15 வருஷம் தாண்டிய வண்டிக்குப் பதிவைப் புதுப்பிக்கும்போது ஆய்வாளர் முன் நிற்க வேண்டியது நாம்தான், விற்றவர் அல்ல. இந்த வண்டி அப்படி இல்லை. பிறப்பிலேயே ஃபோர் வீல், ஒரு உறுப்பைக் கழற்றி வைத்திருக்கிறார்கள்.

நண்பன் கொஞ்சம் கோபமாகவே கேட்டான். "ஐயா, ஃபோர் வீல்னு சொல்லித்தானே வரச்சொன்னீங்க?"

பெரியவர் சங்கடப்படவில்லை. "ஃபோர் வீல்தாம்ப்பா. வாங்குனப்ப எங்க ஊருக்கு ரோடு கிடையாது. நாலும் இழுத்தாத்தான் வண்டி வரும். ராத்திரில எத்தினி பிரசவ கேஸ் இறக்கியிருக்கேன் இதுல. ஒன்னு பாதி வழியிலயே பொறந்துச்சு, இப்ப காலேஜ் படிக்குது. அப்பறம் எங்க ஊர் வரைக்கும் ரோடு போட்டாங்க. ரோடு வந்தப்பறம் முன்சக்கரம் எதுக்கு? டீசல்தான் போவுது. கழட்டிட்டேன்."

"இப்ப எங்க அது?"

அவர் வீட்டுக்குப் பின்னால் கூட்டிப்போனார். கொட்டகையில் தரையில் பாதி புதைந்து, மேல் பாதி பளபளவென்று தேய்ந்து நின்றது ஷாஃப்ட். அதில் ஒரு பசு கட்டியிருந்தது. பாய் குனிந்து, தட்டிப் பார்த்து, விரலால் அழுத்திப் பார்த்தார். "கிராஸ் ரெண்டும் போயிருக்கும், புதுசு போட்டுக்கலாம். பைப் நேரா இருக்கு."

நண்பன் விலையில் எவ்வளவு குறைப்பார் என்று கேட்டான். ஷாஃப்டோடு சேர்த்துத்தானே அந்த விலையே என்றார் பெரியவர். கால் மணி நேரம் பேச்சு நடந்தது. பாய் அதற்குள் வேட்டியை மடித்துக்கட்டிக்கொண்டு மண்வெட்டி கேட்டார். பெரியவர் உள்ளே பார்த்து மகளைக் கூப்பிட்டார்.

"முதல்ல மாட்டை அவுத்து அந்தப் புளியமரத்துல கட்டும்மா."